தூதும் ஒற்றும்: ஜெய்சங்கரின் நடிப்பு குறித்துச் சில எண்ணங்கள்

வள்ளுவர் தூதுக்கும் ஒற்றுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். இரண்டும் அரசன் பொருட்டுச் செய்யும் பணிகளே. ஆயினும் அவற்றுக்கு வேண்டும் பண்புகள் வேறு. தூதனுக்குச் சொல்வன்மை தலையாயது. ஒற்றனுக்கோ கண்டவர் ஐயுறாத தோற்றமும், சினந்து நோக்குவோர் முன் அஞ்சாத உறுதியும், அறிந்ததை எந்நிலையிலும் வெளிவிடாத அடக்கமும் வேண்டும் என்கிறது ‘ஒற்றாடல்’ அதிகாரம்.

நம் தருமபுரி, பழைய தகடூர், தூதுக்குப் பெயர்பெற்ற மண். அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் புகழ்வதுபோல் இகழ்ந்ததைப் புறநானூற்றின் 95ஆம் பாடல் காட்டும். சொல்லால் வெல்லும் இக்கலையையே தமிழ்த் திரை நடிப்பும் நெடுங்காலம் தன் வழியாகக் கொண்டது. டி.ஆர்.சுந்தரம் 1935இல் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1950இல் கலைஞர் மு.கருணாநிதியின் உரையாடலோடு ‘மந்திரி குமாரி’யைத் தந்தது. 1952இல் ‘பராசக்தி’ வெளிவந்தபின், நடிகனை வசனம் பேசும் ஆற்றலால் அளப்பதே வழக்காயிற்று.

1962இல் ‘டாக்டர் நோ’ வெளியாகி ஜேம்ஸ்பாண்டின் புகழ் உலகெங்கும் பரவியது. அதில் நடித்த ஷான் கானரி எளிய ஸ்காட்லாந்துக் குடும்பத்தில் பிறந்தவர்; ஒரு காலத்தில் பால் வண்டி ஓட்டியவர். உடையையும் நாகரிகத்தையும் இயக்குநர் டெரன்ஸ் யங் அவருக்குக் கற்பித்தார். நடையின் மிடுக்கோ கானரிக்கு முன்பே வாய்த்திருந்தது.

இந்த அலை தமிழுக்கு வந்தபோது அதைப் பற்றிக்கொண்டதும் அதே மாடர்ன் தியேட்டர்ஸ்தான் என்பது வியப்புக்குரியது. தருமபுரியும் 1965 அக்டோபர் 2ஆம் நாள் தனி மாவட்டமாகும்வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. நாடக மேடையிலிருந்து வந்து, 1965இல் ‘இரவும் பகலும்’ படத்தில் அறிமுகமான ஜெய்சங்கரைக் கொண்டு, ஆர்.சுந்தரம் 1966இல் ‘வல்லவன் ஒருவன்’ படத்தையும் 1970இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ படத்தையும் இயக்கினார். ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ என்னும் பெயர் ஜெய்சங்கருக்கு நிலைத்தது. பின்னதில் நடித்த சகுந்தலா, ‘சி.ஐ.டி. சகுந்தலா’ என்றே இறுதிவரை அறியப்பட்டார். அயல்நாட்டு ஒற்றன் இங்கே ‘சி.ஐ.டி.’ ஆனதும் கருதத்தக்கது. வல்லரசுகளின் பனிப்போர் நம் பார்வையாளருக்குத் தொலைவானது. உள்ளூர்க் குற்றக் கும்பலோ அருகிலிருப்பது.

ஜெய்சங்கரிடம் இருந்தவை எவை? வள்ளுவரின் மூன்று அளவைகளையும் பொருத்திப் பார்ப்போம். முதலாவது தோற்றம். கல்லூரியிலிருந்து இப்போதுதான் வெளிவந்த இளைஞர் போன்றிருந்தார். கூட்டத்தில் கலந்தால் தனித்துத் தெரியமாட்டார் என நம்ப முடிந்தது. இரண்டாவது அஞ்சாமை. துப்பாக்கி முன்னும் குரலை உயர்த்தாத, இளநகை மாறாத இயல்பே அவருடைய வீரம். மூன்றாவது அடக்கம். அவர் பேசும் வசனங்கள் சுருக்கமானவை. பேசியதைவிட மிகுதியாக அறிந்தவர் என்னும் எண்ணத்தை அவர் நமக்குத் தந்தார்.

இங்கே ஒரு முரண் உண்டு. உண்மை ஒற்றன் எவர் கண்ணிலும் படக்கூடாது. திரை ஒற்றனோ பகைவர் கண்ணுக்கு மறைந்து, அரங்கிலுள்ள அனைவர் கண்ணையும் ஈர்க்கவேண்டும். 1968இல் ‘ரகசிய போலீஸ் 115’ படத்தில் எம்.ஜி.ஆர். தோன்றியபோது மக்கள் கண்டு மகிழ்ந்தது எம்.ஜி.ஆரையே. எவ்வேடத்திலும் அவரை இனங்காண்பதில் ஓர் இன்பம் இருந்தது. அது வேறு கலை. பிம்பத்தின் சுமை ஏறாத ஜெய்சங்கருக்கு இம்முரணைத் தாங்குவது எளிதாயிற்று.

பின்னர் 1986இல் சுஜாதாவின் எழுத்தில் கமல்ஹாசன் ‘விக்ரம்’ ஆனார். அங்கே ஒற்றனுக்கு மனைவியை இழந்த துயர் சேர்ந்தது. 2022இல் அதே பெயரில் வந்த படத்தில் மகனை இழந்த துயர். ஒற்றனையும் அழவைத்துப் பார்த்தால்தான் நடிப்பு என ஒப்புவோம் போலும்!

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். அவற்றை வெளிப்படுத்துவதை நடிப்பு என்று நாம் போற்றுகிறோம். உள்ளிருப்பதை மறைப்பதும், மறைக்கிறான் என்பதைப் பார்ப்பவருக்கு மட்டும் உணர்த்துவதும் நடிப்பே என்பதை மறந்துவிடுகிறோம். 2000ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் மறைந்த ஜெய்சங்கரைப் பொழுதுபோக்கு நாயகர் என்ற ஒற்றை வரியில் கடந்துசெல்வது இம்மறதியின் விளைவு. அவர் படங்கள் பலவற்றில் அவசரமும் மேலோட்டமும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தூதனை அளக்கும் கோலால் ஒற்றனை அளந்துவிட்டு, அவனிடம் சொல்வளம் இல்லை என்று குறைகூறுவது முறையாகாது. அவ்விரண்டுக்கும் வேறு வேறு அதிகாரம் உண்டு என்பதை வள்ளுவரே நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்.