பத்தூர் நடராசரும் இரு சாவிகளும்

அம்பரனை வதைத்த பத்திரகாளியின் ஊராகிய அம்பகரத்தூர் மக்களுக்கு, தெய்வமே உடையவர், ஊரார் காப்பாளர் என்னும் கருத்து புதிதன்று. சோழர் காலத்தில் சிவன் கோயில் நில விற்பனைகள் சண்டேசுவரர் பெயரால் நிகழ்ந்தமையைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. காவிரிப் படுகையின் இப்பழங்கருத்து இருபதாம் நூற்றாண்டில் இலண்டன் நீதிமன்றம் ஏறியது.

1976இல் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், இடிந்து கிடந்த விசுவநாதசுவாமி கோயிலருகே கூலித்தொழிலாளி ஒருவர் மண்ணை வெட்டியபோது செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றான நடராசர், பலர் கைமாறி இலண்டன் சேர்ந்தார். 1982இல் கனடா நாட்டு பம்பர் டெவலப்மெண்ட் நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. செப்பனிடுவதற்காகப் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருந்தபோது காவல்துறை அத்திருமேனியைக் கைப்பற்றியது.

உரிமை கோரியோர் வரிசை வியப்பூட்டுவது. இந்திய அரசும் தமிழக அரசும் ஒருபுறமிருக்க, பாழடைந்த கோயிலும், அதன் இடிபாடுகளிடையே கிடந்த சிவலிங்கமுமே வழக்காடின! ஆங்கிலச் சட்டம் கல்லை வழக்காளியாகக் கண்டதில்லை. பூசையற்ற இடிபாட்டுக்கு என்ன உரிமை என்பதே வழக்கின் முடிச்சு. தொல்லியலறிஞர் இரா. நாகசாமி சான்றுரைத்தார், திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும்கூடச் சாட்சிகளாயின. 1988இல் உயர்நீதிமன்றம் கோயில் தரப்பை ஏற்றது. 1991 பிப்ரவரியில் மேல்முறையீட்டு மன்றமும் அதனை உறுதிசெய்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கோயிலெடுத்தவரின் அறநோக்கம் அழியவில்லை, ஆதலின் கோயிலும் சட்டத்தின்முன் அழியவில்லை என்பது இத்தீர்ப்பின் உயிர்நாடி. அவ்வாண்டே நடராசர் தமிழகம் மீண்டார்.

அதே காலத்தில் ஆஸ்திரேலியத் தொல்குடியினரும் இத்தகைய உரிமைக்குப் போராடினர். வெள்ளையர் வருமுன் அந்நிலம் எவர்க்கும் உரியதன்று என்ற புனைவை, 1992 சூனில் மாபோ வழக்கில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தகர்த்தது. அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே, முங்கோ ஏரிக்கரையில் 1968இல் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 40,000 ஆண்டுத் தொன்மையுடைய பெண்ணின் எலும்புகள் அப்பகுதியின் மூன்று தொல்குடியினரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டன. அவற்றை அப்போது வைத்த பெட்டகத்திற்கு இரு சாவிகள் இருந்தன. ஒன்று அறிஞர் தரப்பிடம், மற்றொன்று குடிமூத்தோரிடம். இரண்டும் கூடினாலன்றிப் பெட்டகம் திறவாதிருந்தது.

பத்தூர்க் கதை அவ்வாறு முடியவில்லை. வழக்கில் வென்ற தெய்வம் தன் ஊருக்குச் செல்லவில்லை. களவுக்கு அஞ்சித் திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் திருமேனிப் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டது. அச்சம் பொய்யன்று. 2014இல் ஆஸ்திரேலியா திருப்பியளித்த சிறீபுரந்தான் நடராசரும் பூட்டிய சிற்றூர்க் கோயிலிலிருந்து களவு போனவரே. எனினும் பூட்டும் காவலும் அரசுக்குரியன ஆனபோது, பத்தூரார் கையில் ஒரு சாவியேனும் இருந்திருக்கலாம்.