கோல் காவலரின் பை

வளைகோல் பந்தாட்டம் என்று நூல்களிலும், ஹாக்கி என்று பேச்சிலும் வழங்கும் விளையாட்டில் ஓர் அணிக்குப் பதினொருவர். அவர்களில் பதின்மர் ஆளுக்கொரு கோலையும் ஒரு சோடிக் காலணியையும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் புறப்பட்டுவிடலாம். பதினோராமவருக்கு மட்டும் அந்த வசதி இல்லை. அவர் கோல் காவலர். காற்காப்பு, பாதக்காப்பு, மார்புக் கவசம், கையுறை, தலைக்கவசம் என்று ஒரு சிறு குடித்தனமே அவருடன் பயணம் செய்கிறது. அதைச் சுமக்கும் பையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆயினும் அந்தப் பையின் கதையைப் பின்தொடர்ந்து சென்றால், இந்த விளையாட்டின் வரலாற்றையும், அதன் பின்னே நின்ற கைவினைஞர்களின் வாழ்வையும், எளிய குடும்பங்களின் தியாகத்தையும் ஒருங்கே காணலாம். தில்லியிலும் ஜபல்பூரிலும் ரூர்கேலாவிலும் பெங்களூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பள்ளியிலேயே ஹாக்கிக் கோலைக் கையில் எடுக்கிறார்கள். ஆகவே இக்கதை வெறும் பழங்கதையாக நின்றுவிடாமல் நம் வீட்டு வாசல் வரை வருவதாகும்.

ஆங்கிலேயரின் படைப்பிரிவுகளோடு இந்த ஆட்டம் இந்தியாவுக்கு வந்தது. 1895-இல் கல்கத்தாவில் பெய்ட்டன் கோப்பைப் போட்டி தொடங்கியது. 1925-இல் இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு தோன்றியது. அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின், 1928-இல், ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போட்டிக்கு நம் அணி கப்பலேறியது. அங்கே ஐந்து ஆட்டங்களில் இந்தியா 29 கோல்கள் அடித்தது; எதிரிகள் அடித்தது ஒன்றும் இல்லை. தியான் சந்தின் கோல்களை உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அந்த ஒன்றுமில்லாமையைக் காத்து நின்ற ரிச்சர்டு ஆலனை அறிந்தவர் சிலரே. 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் ஆடிய அவர் விட்டுக்கொடுத்த கோல்கள் இரண்டே.

அக்காலத்துக் கோல் காவலர் அணிந்தவை எவை? கிரிக்கெட் மட்டையாளர் அணிவது போன்ற காற்காப்பு, தடித்த காலணி, ஒரு சோடிக் கையுறை. முகத்துக்கு மறைப்பு ஏதும் இல்லை. காற்காப்பின் உட்புறத்தில் பிரம்புக் கீற்றுகளும் பஞ்சும் இருக்கும். வெளிப்புறம் கித்தானோ தோலோ போர்த்தியிருக்கும். இவற்றைச் சுமக்கத் தனிப் பை எதுவும் தேவைப்படவில்லை. கித்தான் மூட்டைப் பையிலோ, படுக்கை சுருட்டும் ஹோல்டாலிலோ, தகர டிரங்குப் பெட்டியிலோ அவை அடங்கிவிட்டன. இரயிலில் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டால் போதும். ஊர் வந்து சேர்ந்துவிடும்.

இதே காலத்தில் கடல் கடந்த கனடாவில் பனித்தரையில் ஆடும் ஹாக்கியிலும் இத்தகைய கதையே நடந்தது. அங்கும் முதலில் கிரிக்கெட் காற்காப்பையே கட்டிக்கொண்டார்கள். வின்னிப்பெக் நகர அணியின் கோல் காவலர் ஜார்ஜ் மெரிட் 1896-இல் அவ்வாறு ஆடினார். பின்னர் 1920-களில் ஹாமில்டன் நகரில் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியான எமில் கெனெஸ்கி என்பவர் அகன்ற தோல் காற்காப்புகளைச் செய்யத் தொடங்கினார். சேணம் தைத்த கை காவலரின் காலைக் காத்தது. 1959 நவம்பர் முதல் நாள் நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில் பந்துக்கு நிகரான இரப்பர் வட்டு முகத்தில் பட்டுக் காயமுற்ற ஜாக் பிளாண்ட், தையல் போட்டுக்கொண்டு முகமூடியோடு திரும்பி வந்தார். அன்று முதல் முகமூடி அங்கே படிப்படியாக வழக்கமாயிற்று. காப்புகள் பெருகப் பெருகப் பையும் பெருத்தது. இரு நாட்டு ஹாக்கியிலும் மாறாத விதி இது: ஆட்டத்தின் வேகம் கூடினால் காவலரின் சுமையும் கூடும்.

நம் நாட்டுக் கதைக்குத் திரும்புவோம். 1947-க்கு முன்னர் விளையாட்டுப் பொருள்களுக்குப் பெயர் பெற்ற ஊர் சியால்கோட். கோல் செதுக்குவோர், தோல் தைப்போர், பந்து உருட்டுவோர் என்று அந்நகரில் பெருங்கூட்டம் வாழ்ந்தது. பிரிவினையில் சியால்கோட் பாகிஸ்தானுக்குச் சென்றது. அங்கிருந்த இந்து, சீக்கியக் கைவினைஞர் பலர் உடைமைகளை விட்டுவிட்டு, கைத்தொழிலை மட்டும் உடன்கொண்டு எல்லை கடந்து வந்தனர். ஜலந்தரிலும் மீரட்டிலும் அவர்கள் மீண்டும் பட்டறை போட்டார்கள். இன்று ஜலந்தரின் பஸ்தி நௌ பகுதியில் கடை கடையாகத் தொங்கும் கோல்களும் காற்காப்புகளும் பைகளும் அந்த அகதிகளின் உழைப்பில் முளைத்தவை. வேற்றூரில் வேர் பிடித்து வாழ்வதன் அருமையை அறிந்த நமக்கு இந்தச் செய்தி நெஞ்சைத் தொடாமல் இராது.

அந்தத் தோலும் பஞ்சும் நம் காவலர்களுக்கு நெடுங்காலம் துணை நின்றன. 1956-இல் மெல்போர்னில் இந்தியா 38 கோல்கள் அடித்து ஒன்றும் வாங்காமல் வென்றபோது கோலைக் காத்தவர் மௌ நகரத்துப் படைவீரர் சங்கர் லட்சுமண். 1964-இல் டோக்கியோவில் பாகிஸ்தானை 1-0 என்று வென்ற இறுதி ஆட்டத்திலும் அவரே அரணாக நின்றார். 1972-இல் மியூனிக்கில் வெண்கலம் பெற்ற அணியின் காவலர் கண்ணூரில் பிறந்த மானுவல் பிரெடரிக். இவர்கள் எவரும் தலைக்கவசம் அணியவில்லை. புல்தரையில் பந்து தத்தித் தவழ்ந்து வரும். அதன் வேகத்தைப் புல்லே ஓரளவு தணித்துவிடும். அந்த நம்பிக்கையில்தான் அவர்கள் வெறும் முகத்தோடு நின்றார்கள்.

1976-இல் அந்த நம்பிக்கை உடைந்தது. மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆட்டம் நடந்தது. இந்தியா ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. 1980-இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த வி. பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வென்றோம் என்றாலும், ஆட்டத்தின் முகம் மாறிவிட்டது. செயற்கைத் தரையில் பந்து தடையின்றிப் பாயும். ஆட்டத்துக்கு முன் தரையில் நீர் தெளிப்பதும் வழக்கமாயிற்று. பிரம்பும் பஞ்சும் தோலும் நீரைக் குடித்துக் கனத்தன, காய்ந்தபின் விறைத்தன. ஆகவே நீரை உறிஞ்சாத அடர்ந்த செயற்கை நுரையால் காப்புகள் செய்யப்பட்டன. பெனால்ட்டி கார்னரில் பந்தை இழுத்தெறியும் முறை 1990-களில் பரவியதும் பந்து மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் தலைக்கு நேரே வரலாயிற்று. தலைக்கவசம் இன்றிக் காவலர் நிற்க இயலாது என்ற நிலை ஏற்பட்டது. இன்று முழு அணிகலன் பூண்ட காவலர் தலைக்கவசம், காற்காப்பு, பாதக்காப்பு மூன்றையும் அணிந்தே தீரவேண்டும் என்பது விதி. ஒரு காற்காப்பின் அகலம் 300 மில்லிமீட்டரை மிஞ்சக்கூடாது என்பதும் விதி.

நுரைக்கு எடை குறைவு. ஆனால் அது மடங்காது. பழைய காற்காப்பைச் சுருட்டி ஹோல்டாலில் திணிக்கலாம். புதியதைத் திணிக்க முடியாது. எனவேதான் கோல் காவலருக்கென்று தனிப் பை பிறந்தது. இந்தப் பையே பல வீட்டுக்குச் சோதனையாகவும் வந்தது. கேரளத்தின் கிழக்கம்பலத்தைச் சேர்ந்த பி. ஆர். ஸ்ரீஜேஷ் திருவனந்தபுரத்து விளையாட்டுப் பள்ளியில் பயின்றபோது, காவலருக்குரிய காப்புகளை வாங்கப் பணம் இல்லாமல் அவர் தந்தை வீட்டுப் பசுவை விற்றார் என்பது நாடறிந்த செய்தி. அந்தப் பிள்ளைதான் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் டோக்கியோவில் ஜெர்மனியின் கடைசி நொடிப் பெனால்ட்டி கார்னரைத் தடுத்து, நாற்பத்தோராண்டு காத்திருந்த நாட்டுக்குப் பதக்கம் கிடைக்கச் செய்தார். 2024-இல் பாரிசிலும் வெண்கலம் பெற்று ஓய்வு கொண்டார். அரியானாவின் சிர்சா மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்த சவிதா புனியா, பெரிய பையைச் சுமந்துகொண்டு பேருந்தில் பயிற்சிக்குச் சென்று வந்தவர். டோக்கியோவில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று வென்று நம் பெண்கள் அணி அரையிறுதிக்குச் சென்றபோது கோலைக் காத்தவர் அவரே.

ஆகவே பையைத் தேர்ந்தெடுப்பது அற்பச் செயலன்று. வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடங்களை வைத்தே அதைச் செய்யலாம்.

முதலாவது அளவு. பையை வாங்கிய பின் பொருளை அடைக்க முயல்வது தவறு. காற்காப்பு இரண்டையும் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தி, பக்கத்தில் பாதக்காப்பையும் தலைக்கவசத்தையும் வைத்து, நீள அகல உயரங்களை அளந்துகொள்ள வேண்டும். கடைக்கு அந்த அளவோடு செல்ல வேண்டும். வளரும் பிள்ளையானால் நீளத்தில் நான்கு விரற்கடை கூட்டிக்கொள்ளலாம்; அதற்கு மேல் வேண்டா. மிகப் பெரிய பையில் பொருள்கள் உருண்டு மோதும். தலைக்கவசத்தின் கம்பி நுரையைக் கிழிக்கும். கோலுக்குப் பையின் வெளிப்பக்கத்தில் தனி உறை இருத்தல் நலம்.

இரண்டாவது பயணம். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இரயிலே பெருந்துணை. பயணிகள் பெட்டிக்குள் எடுத்துச் செல்லும் பெட்டிகளுக்கு 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் என்று இரயில்வே வரம்பு வைத்திருக்கிறது. கட்டணமின்றிக் கொண்டுசெல்லக்கூடிய எடை படுக்கை வகுப்பில் 40 கிலோ. எடையில் நமக்கு இடரில்லை, பருமனில்தான் இடர். எனவே நாற்புறமும் விறைத்து நிற்கும் பையைவிட, பக்கங்கள் வளைந்துகொடுக்கும் பையே நன்று. விமானப் பயணமானால் நீள அகல உயரங்களின் கூட்டுத்தொகை 158 செ.மீ. என்ற வரம்பைப் பல நிறுவனங்கள் கடைப்பிடிக்கின்றன. புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நலம்.

மூன்றாவது சக்கரமும் தோள்வாரும். வழவழப்பான தரையில் சக்கரம் சுகம். ஆனால் நம் இரயில் நிலையங்களில் நடைமேம்பாலப் படிகளும், பள்ளிக்குச் செல்லும் வழியில் கல்லும் மண்ணும் உண்டு. சிறு சக்கரங்கள் ஒரே பருவத்தில் உடைந்துவிடும். சக்கரம் வேண்டுமாயின் அது பெரியதாகவும், திருகாணியைக் கழற்றி மாற்றத்தக்கதாகவும் இருக்கட்டும். சக்கரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரு தோளிலும் மாட்டும் வார்கள் இருத்தல் வேண்டும். ஒரே தோளில் தொங்கும் பை வளரும் பிள்ளையின் முதுகை ஒருபக்கமாக இழுக்கும்.

நான்காவது ஈரம். இதுவே பலரும் மறப்பது. நுரை நீரை உறிஞ்சாவிட்டாலும், அதன் துணி உறையும் வார்களும் மார்புக் கவசமும் கையுறையின் உட்புறமும் வியர்வையையும் மைதானத்து நீரையும் பிடித்துக்கொள்ளும். மூடிய பையில் ஓர் இரவு கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். தோலில் சொறி வரும். ஆகவே பக்கங்களில் வலைத்துணியும், அடியில் நீர் வடியும் கண்களும், ஈரமானவற்றுக்குத் தனி அறையும் உள்ள பையைத் தேட வேண்டும். எவ்வளவு நல்ல பையானாலும், வீடு திரும்பியதும் அனைத்தையும் வெளியே எடுத்து நிழலில் காற்றாட வைப்பதற்கு அது ஈடாகாது. கடும் வெயிலில் போட்டால் நுரையை ஒட்டிய பசை விட்டுவிடும்.

ஐந்தாவது தையல். கைப்பிடியின் பட்டை பையின் அடிவரை சுற்றிச் சென்று தைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே மட்டும் தைத்த கைப்பிடி சுமை தாங்காது. உலோக ஜிப் துருவேறும். தடித்த நைலான் ஜிப் நீடிக்கும். தெருமுனைத் தையற்காரரால் பழுது பார்க்க முடியுமா என்பதே இறுதிச் சோதனை. விலை மிகுந்த அயல்நாட்டுப் பை சிலவற்றைவிட, ஜலந்தரிலோ மீரட்டிலோ தைத்த எளிய பை இந்தச் சோதனையில் தேறிவிடும்.

இவை யாவும் பையைப் பற்றியவை. இதனினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு: பையை வாங்க வேண்டியவர் யார்? முன்களத்தில் ஆடும் சிறுவனுக்குக் கோலும் காலணியும் போதும். காவலனாக விரும்பும் சிறுவனுக்குப் பல மடங்கு செலவு. அதனால் வசதியற்ற வீட்டுப் பிள்ளை அந்த இடத்தைவிட்டு விலகிப் போகிறான். சில வேளை ஆட்டத்தையே விட்டுவிடுகிறான். காவலர் தமக்காக மட்டும் காப்பு அணிவதில்லை; பதினொருவருக்காகவும் அணிகிறார். ஆகவே காப்பும் பையும் அணியின் பொதுச் சொத்தாக இருப்பதே முறை. பல பள்ளிகளும் கழகங்களும் அவ்வாறு ஒரு தொகுதியை வைத்திருக்கின்றன, வைத்திராதவை வைக்கலாம். வெளிமாநிலங்களில் நம்மவர் நடத்தும் தமிழ்ச் சங்கங்களும் பள்ளிகளும் ஆண்டுவிழாவுக்கு ஒதுக்கும் பொருளில் ஒரு சிறு பகுதியை இதற்குத் தந்தால், அது பல்லாண்டு பயன்படும்.

ஒரு வழக்கத்தையும் உடன் ஏற்படுத்தலாம். ஆட்டம் முடிந்து திரும்பும்போது காவலனின் பையை அணியினர் முறை வைத்துச் சுமந்து வரட்டும். மைதானத்தில் தனியே நின்றவன் வழியிலாவது தனியே சுமக்காமல் இருப்பான்.