கயத்தாற்றுச் சிலை

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலையில் கயத்தாறு இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் அது. அவருடைய சிலையும் அங்கேதான் நிற்கிறது.

1799 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மேனுடைய படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது. தப்பிச் சென்ற கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டார். அக்டோபர் 16 அன்று மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண்முன்னே விசாரணை நடத்திய பானர்மேன், அன்றே அவரைப் புளியமரத்தில் தூக்கிலிட்டார். கூடியிருந்தவர்களுக்கும் சேர்த்து விடுத்த எச்சரிக்கை அது.

அந்த இடத்தில் முதலில் எழுந்த நினைவுச்சின்னம் சிலையல்ல, கற்குவியல். சாலையோரம் போவோர் வருவோர் ஆளுக்கொரு கல்லாகப் போட்டுச் சென்றதில் அது வளர்ந்தது. அக்கம்பக்கத்தார் அதைக் கட்டபொம்மன் நினைவாகவே கருதினர் என்று பேட் தொகுத்து 1917இல் வெளியான திருநெல்வேலி மாவட்டக் கெஸட்டியர் குறித்துவைத்திருக்கிறது. திறப்பு விழாவும் கல்வெட்டும் இல்லாத சின்னம். அரசாங்கமே அதைத் தன் ஏட்டில் பதிந்துகொண்டது.

விடுதலைக்குப் பிறகு ம.பொ.சி. எழுத்திலும் மேடையிலும் கட்டபொம்மன் புகழைப் பரப்பினார். 'கொள்ளைக்காரன்' என்று தமிழ்வாணன் எதிர்வாதம் எழுதினார். அந்தச் சண்டை ஏடுகளோடு நின்றது. ஊர் ஊராகப் பரவியது சக்தி கிருஷ்ணசாமி எழுதிய நாடகமும், அதைத் தழுவி பி.ஆர். பந்துலு இயக்கி 1959இல் வந்த படமும்தான். இரண்டிலும் கட்டபொம்மன் சிவாஜி கணேசன். அடுத்த ஆண்டு கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் விருதும் அவருக்குக் கிடைத்தது.

படத்தோடு அவர் விட்டுவிடவில்லை. கயத்தாறில் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கிச் சிலை எழுப்பினார். 1970இல் அது திறக்கப்பட்டது. பாளையக்காரரை நேரில் பார்த்து வரைந்த படம் எதுவும் சிற்பிக்கு உதவக் கிடைக்கவில்லை. மீசை, தலைப்பாகை, வாள் எல்லாம் மக்கள் திரையில் கண்டு பழகியவை. சிலையைப் பார்ப்பவருக்குச் சிவாஜியின் நினைவு வருவதில் வியப்பில்லை.

பிற்பாடு தமிழ்நாடு அரசு கயத்தாறில் மணிமண்டபம் கட்டியது. பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் நினைவுக்கோட்டை எழுந்தது. இடிக்கப்பட்ட பழைய கோட்டையின் அடித்தளங்கள் அதற்கு அருகிலேயே, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன.