மோன் பிளாங்க் சுற்றுப்பாதை

மோன் பிளாங்க் சுற்றுப்பாதை: மேற்கு ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் மலைத்தொகுதியைச் சுற்றி, பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து நாடுகளின் வழியே செல்லும் நெடுந்தொலைவு நடைபாதை. நீளம் ஏறத்தாழ 170 கி.மீ.; மொத்த ஏற்றம் சுமார் 10,000 மீட்டர். இது சிகரம் ஏறும் பயணம் அன்று. கணவாய்க்குக் கணவாய் ஏறி இறங்கும் நடை. மாற்றுவழிகளில் உள்ள ஃபூர், ஆர்பெட் கணவாய்களே (2,665 மீ.) மிக உயர்ந்த இடங்கள். லெ ஊஷ் ஊரில் தொடங்கி இடஞ்சுழியாக நடப்பதே வழக்கம். முழுச் சுற்றுக்குப் பத்து நாள் வரை ஆகும்.

இரவுத் தங்கல் மலைக்குடில்களில். வாசலிலேயே காலணியைக் கழற்றி அடுக்கில் வைத்துவிட வேண்டும். வரிசைப் படுக்கைகளில் போர்வை உண்டு. படுக்கையில் போர்வைக்குள் விரிக்கும் உள்ளுறைத் துணியை அவரவரே சுமந்து வர வேண்டும். இரவுணவு எல்லோருக்கும் ஒரே நேரத்தில். வழிகாட்டியுடன் செல்லும் குழுவில் அன்றாடத் தொலைவையும் மாற்றுவழியையும் வானிலை பார்த்து அவரே முடிவுசெய்வார். பிற்பகல் இடிமழை மிகும் இம்மலைகளில் இதுவே அவரது தலையாய பணி.

ஜெனீவா அறிஞர் ஒராஸ் பெனெடிக்ட் தெ சொசூர் 1767இல் இம்மலையைச் சுற்றி வந்தார். இம்மலையடி ஊரான ஷமோனியின் வழிகாட்டிகள் சங்கம் 1821இல் தோன்றியது. சுற்றுப்பாதையில் நடக்கும் பருவம்: ஜூன் நடுப்பகுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை. தொடக்க வாரங்களில் உயர்ந்த கணவாய்களில் பழைய பனி கிடக்கும். குடில்களில் முன்பதிவு இன்றியமையாதது.