குழந்தைக்கு மூக்கடைப்பா? கற்பூரம், எண்ணெய் வேண்டவே வேண்டாம்... உப்புநீர் சொட்டு மருந்தை இப்படிப் போடுங்க!

பகல் முழுக்க விளையாடிக்கொண்டிருந்த குழந்தை, ராத்திரி படுக்க வைத்ததும் மூக்கு அடைத்து அழ ஆரம்பிக்கும். பால் கொடுத்தால் நாலு மடக்கு குடித்துவிட்டு வாயை எடுத்துவிடும். இந்த நேரத்தில் வீட்டில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். அதில் எது உதவும், எதைத் தொடவே கூடாது? பார்க்கலாம்.

பிறந்து முதல் சில மாதங்களுக்கு குழந்தைகள் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் மூச்சு விடும். வாயால் மூச்சு விடுவது அதற்கு இன்னும் சரியாகப் பழகியிருக்காது. அதனால்தான் பெரியவர்களுக்கு வெறும் தொல்லையாக இருக்கும் மூக்கடைப்பு, கைக்குழந்தைக்குப் பால் குடிக்கவே முடியாத பிரச்னையாகிறது. நம் வேலை சளியை 'குணப்படுத்துவது' அல்ல. அது வைரஸால் வருவது, 7 முதல் 10 நாளில் தானாகவே போய்விடும். அதுவரை பால் குடிக்கவும் தூங்கவும் மூக்கைத் திறந்து வைத்தால் போதும்.

இதில் ஒரு சின்ன விஷயம். பிறந்த சில வாரக் குழந்தைகள் தும்முவதும், மூக்கில் 'கர்கர்' என்று சத்தம் வருவதும் சகஜம். நன்றாகப் பால் குடித்து, நன்றாகத் தூங்கினால் அதற்கு எந்த மருந்தும் வேண்டாம்.

எந்த சொட்டு மருந்து வாங்குவது?

மெடிக்கல் ஷாப்பில் 'மூக்கடைப்புக்கு டிராப்ஸ் கொடுங்க' என்று மட்டும் கேட்காதீர்கள். இரண்டு வகை இருக்கிறது. ஒன்று வெறும் உப்புநீர், அதாவது சலைன் டிராப்ஸ். லேபிளில் சோடியம் குளோரைடு என்று இருக்கும், பெரும்பாலும் 0.65 சதவீதம். பச்சிளம் குழந்தைக்கும் போடலாம். இன்னொரு வகையில் ஆக்சிமெட்டாசோலின் அல்லது சைலோமெட்டாசோலின் என்ற மருந்து இருக்கும். இது மூக்குக்குள் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கி உடனே அடைப்பை எடுக்கும். ஆனால் தொடர்ந்து சில நாள் போட்டால், மருந்தை நிறுத்தியதும் அடைப்பு முன்பை விட மோசமாகத் திரும்பி வரும். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் குழந்தைக்கு இதைப் போடக் கூடாது. பாட்டில்கள் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால், வாங்கும்போதே லேபிளைப் படித்துவிடுங்கள்.

உப்புநீரை வீட்டிலேயே கலக்கலாமே என்று தோன்றும். கைக்குழந்தைக்கு அது வேண்டாம். உப்பு கொஞ்சம் கூடினாலும் எரியும், தண்ணீர் சுத்தமாக இல்லாவிட்டால் வேறு தொல்லை.

எப்படிப் போடுவது?

பால் கொடுப்பதற்கு 10, 15 நிமிஷம் முன்பு போடுங்கள். பால் குடித்தபின் போட்டால் வாந்தி எடுத்துவிடும். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, தோளுக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வைத்தால் தலை லேசாகப் பின்னால் சாயும். ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் 2 சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருங்கள். காய்ந்த சளி இளகிவிடும். பல நேரம் குழந்தை தும்மியே வெளியே தள்ளிவிடும், துடைத்துவிட்டால் வேலை முடிந்தது.

சளி நிறைய இருந்தால், உறிஞ்சி எடுக்கும் ரப்பர் பல்ப் உதவும். இங்கே பலர் செய்வது தலைகீழ். நுனியை மூக்கில் வைத்துவிட்டு பல்பை அமுக்கினால் காற்று உள்ளே போய் சளியை இன்னும் உள்ளே தள்ளும். முதலில் பல்பை வெளியிலேயே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியைத் துவாரத்தின் வாயில் மெதுவாக வைத்து, அப்புறம் கையைத் தளர்த்த வேண்டும். ஒரு நாளில் 3, 4 தடவைக்கு மேல் உறிஞ்சாதீர்கள். உள்தோல் வீங்கி அடைப்பு கூடிவிடும். ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டு வெந்நீரில் கழுவிக் காயவையுங்கள்.

ஒழுகும் மூக்கைத் துடைத்துத் துடைத்து மேலுதடு புண்ணாகிவிட்டதா? ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, வெளித் தோலில் மட்டும் கொஞ்சம் வாசலின் தடவலாம்.

பாட்டி வைத்தியத்தில் எதை விட்டுவிட வேண்டும்?

முதல் எதிரி கற்பூரம். தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி, கற்பூரத்தைப் போட்டு நெஞ்சிலும் முதுகிலும் தேய்ப்பது நம் ஊரில் இன்றும் நடக்கிறது. சாமிக்கு ஏற்றும் பொருள்தானே என்று நினைக்க வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் குழந்தையின் உடலுக்குள் போகும், வலிப்பைக் கொண்டுவரும். வாயில் போட்டுவிட்டால் சில நிமிஷங்களிலேயே வலிப்பு வரலாம். கற்பூரம் கலந்த தைலங்களையும் 2 வயதுக்குள் தடவக் கூடாது. பூஜை அறைக் கற்பூர டப்பாவையும் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

'மூக்குல ரெண்டு சொட்டு எண்ணெய் விடு, இளகிடும்' என்பார்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். தாய்ப்பாலை மூக்கில் விடுவதிலும் பலன் இல்லை, அதைக் குடிக்கக் கொடுத்தாலே நல்லது. சாம்பிராணிப் புகை ஏற்கெனவே வீங்கிய மூச்சுப் பாதையை இன்னும் எரிச்சலாக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைப்பதில் தீக்காய ஆபத்து அதிகம். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவவே கூடாது.

சளி சிரப் கொடுக்கலாமா?

கூடாது. சளி மருந்துகளில் வழக்கமாக வரும் குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் கூட்டு மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2025 அக்டோபரில், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தது நினைவிருக்கும். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்தது தெரியவந்தது. அந்த நேரத்தில் மத்திய சுகாதாரத்துறை வெளியிட்ட அறிவுரையில், 2 வயதுக்குள் இருமல், சளி மருந்துகளே தரக் கூடாது என்றும், 5 வயது வரை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் சொல்லப்பட்டது. கலப்படமே இல்லாத நல்ல சிரப்பாக இருந்தாலும் இந்த வயதில் அதனால் பெரிய பலன் இல்லை, தூக்கக் கலக்கம்தான் மிச்சம். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலே ஆன்டிபயாடிக் வேண்டும் என்பதும் தவறான நம்பிக்கை.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழுசாக ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. 2 மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயதுக்கு மேல் 5 வயது வரை 40 வந்தால் அது வெறும் சளி இல்லை, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். விலாவுக்குக் கீழே குழி விழுவது, மூக்கு விரிந்து மூடுவது, முனகல், உதடு நீலமாவது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். 3 மாதத்துக்குள் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே டாக்டர் பார்த்தாக வேண்டும்.

நடக்கும் வயதுக் குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், அதற்குள் பட்டாணியோ, புளியங்கொட்டையோ, பாசியோ இருக்க வாய்ப்பு அதிகம். ஹேர்பின், இடுக்கி வைத்து எடுக்கப் பார்த்தால் உள்ளே போய்விடும். பொம்மை, ரிமோட்டில் இருக்கும் பட்டன் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே உள்தோலை அரித்துவிடும். சொட்டு மருந்துகூட விடாமல், நேராக காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கொண்டு போங்கள்.