காது வைத்த மண் குவளை

திருச்சிராப்பள்ளிக்குத் தென்மேற்கே எடமலைப்பட்டி புதூர்ப் பக்கமாக வரும் கோரையாறு, வடக்கே சென்று குடமுருட்டியோடு கூடி, உறையூருக்கு மேற்கே காவிரியை அடைகிறது. மழை மாதங்கள் நீங்கலாக மற்ற நாட்களில் அதனை ஆறென்று சொல்ல மனம் வருவதில்லை. என்றாலும், அது போய்ச் சேரும் அந்த உறையூரில்தான், தமிழ்நாட்டு மட்பாண்டத் தொழிலின் மிகப் பழைய சாட்சியங்களுள் சில மண்ணுக்குள் மறைந்து கிடந்தன. 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் அங்கே நடத்திய அகழாய்வில், உட்புறம் கறுத்தும் வெளிப்புறம் சிவந்தும் உள்ள கலங்களும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும், அவற்றோடு கடல் கடந்து வந்த ரோமாபுரிக் கலங்களின் துண்டுகளும் வெளிப்பட்டன. கலத்தைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டமையால் காற்றுப் புகாத உட்புறம் கறுப்பாயிற்று என்றும், காற்றும் தீயும் சேர்ந்து பட்ட வெளிப்புறம் சிவந்தது என்றும் ஆராய்ச்சியாளர் கூறுவர். சோழன் கிள்ளிவளவன் மாண்டபோது ஐயூர் முடவனார் தம் துயரத்தைச் சொல்லப் புறநானூற்றில் தேர்ந்துகொண்டதும் தாழி வனையும் ஒரு குயவனையே.

இவ்வளவு தேர்ச்சி பெற்றிருந்த நாட்டில், வாய் வைத்துக் குடிக்கும் மண் குவளை வீட்டுச் சாமானாக நிலைபெறாமற் போனதற்குக் கைத்திறக் குறைவு காரணமன்று. ஆசாரமும் சூளையின் வெப்பமுமே காரணங்கள் என்பது என் அபிப்பிராயம். பழைய அகழ்விடங்களில் கிண்ணங்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே அக்காலத்தார் எச்சிலுக்குப் பெரிதும் அஞ்சியதாகத் தோன்றவில்லை. பிற்காலத்திலோ, மண் நீரை உறிஞ்சும், உறிஞ்சியதைக் கழுவிப் போக்க இயலாது என்ற நியாயத்தால், ஒருமுறை எச்சில் பட்ட மட்கலம் எறிந்துவிடத் தக்கதாயிற்று. புளியிட்டுத் துலக்கினால் சுத்தமாகிவிடும் பித்தளைக்குக் கிடைத்த சலுகை மண்ணுக்குக் கிடைக்கவில்லை. இதே நியாயத்தின் மறுபக்கத்தை ஸ்ரீரங்கத்தில் காணலாம்: அங்கே பெருமாளுக்குத் தளிகை நாள்தோறும் புதிய மண்பானையில் ஆகிறது. முதல் முறை உபயோகிக்கும்போது மண்ணைக் காட்டிலும் பரிசுத்தமான பாத்திரம் வேறில்லை. மறுமுறைக்கு அதனைக் காட்டிலும் சந்தேகத்துக்குரியதும் வேறில்லை.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி நம் நகரங்களில் பரவியபோதும், அதற்கு இடங்கொடுத்தவை பித்தளை டம்ளரும் டவராவுமே. தூக்கிக் குடிப்பவர்க்குக் காது எதற்கு? விளிம்பு மடிந்த டம்ளரே போதுமானதாயிருந்தது. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இந்த எச்சில் பயம் இன்னும் கொடிய ரூபம் எடுத்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கெனத் தனிக் குவளையை ஒதுக்கி வைத்த இரட்டைக் குவளை முறையையும், சிற்சில ஊர்களில் அவர்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் வார்த்த அநீதியையும் விட்டுவிட்டு, குவளையின் சரித்திரத்தில் வடிவத்தையும் மெருகையும் மாத்திரம் பேசுவது நேர்மையாகாது.

வெப்பத்தின் விஷயம் எளிது. விறகும் வைக்கோலும் இட்டு மூட்டும் ஊர்ச் சூளையில் பெரும்பாலும் 700 முதல் 900 டிகிரி வரையே சூடு ஏறும். அந்தச் சூட்டில் மண் இறுகுமேயன்றி அதன் நுண்துளைகள் அடைபடா. பானைத் தண்ணீர் குளிர்வதற்கு அத்துளைகளே காரணமாதலால், குயவருக்கு அது குறையாகவும் தோன்றவில்லை. 1200 டிகிரிக்கு மேல் சென்றால், அதற்குத் தகுந்த மண் கல்லைப் போல் இறுகி நீர் உறிஞ்சுவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. 1920-ல் பெர்னார்ட் லீச்சும் ஷோஜி ஹமாடாவும் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் தொடங்கிய தொழிற்கூடத்தின் வழியே, இத்தகைய கல்மண் கலங்களைத் தனியொருவர் தம் கூடத்தில் வனையும் முறை மேல்நாடுகளில் பரவிற்று. நம் பக்கத்தில் அதற்கு ஊற்றுக்கண்ணாக அமைந்தது, 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. அங்கே பயின்றவர்கள் பல ஊர்களில் தத்தம் கூடங்களை அமைத்தனர். இன்று மின்சாரச் சக்கரமும் சிறிய மின்சூளையும் வந்துவிட்டபடியால், எடமலைப்பட்டி புதூரில் ஒரு வீட்டின் பின்கட்டிலும் இத்தொழிலைச் செய்ய இயலும்.

இயலும் என்றேனேயன்றி எளிது என்று சொல்லவில்லை. ஊர்க் குயவர் சக்கரத்தில் எழுப்பிய பானையை நூலால் அறுத்தெடுத்து, சற்று உலர்ந்தபின் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டியே அடியை உருட்டி முடிக்கிறார்; அதில் ஒட்டு என்பதே இல்லை. குவளையிலோ காதுதான் பரீட்சை. விரலில் ஒட்டாமலும், நகம் பதித்தால் தழும்பு விழும்படியாகவும் குவளை உலர்ந்திருக்கும் பதத்தில், ஈரக் கையால் மண்ணை உருவி நீட்டி, இரு பக்கமும் கீறி, களிக்குழம்பு தடவி அழுத்த வேண்டும். காது அதிக ஈரமாகவும் குவளை அதிக உலர்வாகவும் இருந்துவிட்டால், இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி, ஒட்டிய இடத்தில் மயிரிழை போல் வெடிப்புக் காணும். அது பல வேளைகளில் சூளையிலிருந்து வெளிவந்த பின்னரே கண்ணுக்குப் புலப்படும்.

வீட்டில் குவளை வனைய விழையும் அன்பர்கள் முதலில் அருகிலுள்ள குயவர் ஒருவரிடம் உரிய கூலி கொடுத்து மண்ணை மிதிக்கவும் பிசையவும் கற்றுக்கொள்வது நலம். பதம் அறிந்த கை குயவருடையது. மற்றொன்று, மெருகுப் பொடி வாங்கும்போது அதில் காரீயம் இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள். காரீய மெருகு பூசிச் சரிவரச் சுடாத கலத்தில் எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பானவற்றை ஊற்றி வைத்தால், அந்த நஞ்சு பானத்தில் இறங்கிவிடும்.