ஊர்ப் பத்திரிகையும் மாணவர் பத்திரிகையும்: அயோவாவின் கதை

மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள டுபியூக், ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர். 1836 மே 11 அன்று 'டுபியூக் விசிட்டர்' என்ற வார இதழ் அங்கே வெளிவந்தது. நடத்தியவர் ஜான் கிங். அயோவா அமெரிக்காவின் தனி மாநிலமாவதற்கு இன்னும் 10 ஆண்டுகள் இருந்தன. அதற்குள் அந்த மண்ணின் முதல் பத்திரிகை அச்சேறிவிட்டது.

அயோவா பல்கலைக்கழக மாணவர்கள் 1868-ல் இதழ் தொடங்கினார்கள். 1901-ல் அது 'த டெய்லி அயோவன்' என்ற நாளேடாக வளர்ந்தது. 1920-களின் தொடக்கத்தில் அதன் ஆசிரியராக இருந்த மாணவர் ஜார்ஜ் காலப். வாசகர் முன் பத்திரிகையை விரித்துவைத்து, ஒவ்வொரு செய்தியாகக் காட்டி, எதைப் படித்தார் என்று கேட்டறியும் முறையை அவர் வகுத்தார். 1928-ல் அதுவே அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடானது. உலகப் புகழ்பெற்ற காலப் கருத்துக்கணிப்புக்கு இந்தப் பயிற்சியே அடித்தளம்.

ஊர்ப் பத்திரிகையின் வலிமையை அறிய அதே மாநிலத்தின் ஸ்டார்ம் லேக் நகருக்குப் போக வேண்டும். 'த ஸ்டார்ம் லேக் டைம்ஸ்' வாரம் இருமுறை, சுமார் 3,000 பிரதிகள் வெளிவந்த ஏடு. அண்ணன் ஜான் கல்லன் பதிப்பாளர், தம்பி ஆர்ட் ஆசிரியர், ஆர்ட்டின் மனைவி டோலரஸ் புகைப்படக்காரர், மகன் டாம் செய்தியாளர்.

வயல்களிலிருந்து வடியும் நைட்ரேட் ராக்கூன் ஆற்றில் கலந்து குடிநீரைக் கெடுக்கிறது என்று, மாநிலத் தலைநகர் டிமாயினின் குடிநீர் நிறுவனம் 2015-ல், ஸ்டார்ம் லேக் அடங்கிய கவுண்டி (மாவட்டம்) உட்பட மூன்று கவுண்டிகள்மீது வழக்குத் தொடுத்தது. கவுண்டிகளின் வழக்குச் செலவுக்குப் பணம் தந்தது யார்? அதிகாரிகள் வாய் திறக்கவில்லை. டாம் விடாமல் துருவினார். ஆர்ட் தலையங்கம் மேல் தலையங்கமாக எழுதினார். வேளாண் தொழில் அமைப்புகளின் நிதி அதன் பின்னால் இருந்தது அம்பலமானது. 2017-ல் அந்தத் தலையங்கங்களுக்குப் புலிட்சர் விருது கிடைத்தது.

ஆனால் விளம்பரங்கள் இணையத்துக்குப் போய்விட்டதால் இத்தகைய ஏடுகள் நாடெங்கும் மூடப்படுகின்றன. இந்த நிலையில், 2024-ல் டெய்லி அயோவனை நடத்தும் லாப நோக்கற்ற நிறுவனம், 'சோலன் எகானமிஸ்ட்', 'மவுண்ட் வெர்னன்–லிஸ்பன் சன்' என்ற அக்கம்பக்கத்து ஊர்களின் வார ஏடுகள் இரண்டை விலைக்கு வாங்கியது. அவற்றுக்கு மாணவர்களும் செய்தி எழுதுகிறார்கள்.

மாணவருக்குத் தொழில் பழகக் களம் வேண்டும். ஊருக்குக் கணக்குக் கேட்க ஆள் வேண்டும். இரண்டையும் ஒரே ஏற்பாட்டில் இணைத்திருக்கிறது அயோவா. இதழியல் கற்பிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இதைப் பின்பற்ற வேண்டும்.